கரையில் பதினேழு சட்டைகள்

நான்கு தப்பு இருக்கிறது, டீச்சர். நீங்கள் படித்துக் காட்டிய அந்த ஒரு பக்கத்தில் மட்டும் நான்கு. மலையாண்டி பெரிய படிப்புப் படித்தவர். மதுரையில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அவர் எழுதியதைத் தப்பு என்று சொல்ல எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்கூட ஆண்டு மலரில் அச்சடிக்கப் போகிறோம் என்கிறீர்கள். அச்சாகிவிட்டால் அப்புறம் யார் திருத்துவது?

உட்காருங்கள். அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் குட்டை. இதில் உட்காருங்கள்.

முதல் தப்பு. 'சுமார் இருபது பிள்ளைகள் சேற்றில் விளையாடினோம்' என்று எழுதியிருக்கிறார். சுமார் என்ன சுமார்? பதினெட்டுப் பேர். இரண்டாவது, அன்றைக்குக் குழம்பு வைத்தது கெளுத்தி மீன் இல்லை, விரால். மூன்றாவது, அவர் தட்டில் எட்டுத் துண்டு இல்லை, ஒன்பது. நான்காவது, 'கரையில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்' என்கிறார். அந்தப் பையனுக்குப் பெயர் இருக்கிறது. சங்கையா. நான்தான்.

இதையெல்லாம் விட முக்கியமாக ஒன்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். என் அம்மாவுக்கு அன்றைக்கு ஆள் அடையாளம் தெரியவில்லை. அவளுக்கு மாலைக்கண். பொழுது சாய்ந்தால் சுவரைத் தொட்டுக்கொண்டுதான் நடப்பாள். அதை எழுதாமல் மற்றதை எழுதினால் படிக்கிறவர்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்வார்கள். எழுதிவிட்டீர்களா? 'மாலைக்கண்' என்று. சரி.

இப்போது விளையாட்டுக்கு வருகிறேன். அதைத்தானே கேட்டு வந்தீர்கள்.

எங்கள் கண்மாயில் சித்திரை கடைசியில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிடும். ஊர் கூடி ஒரு நாள் குறிப்பார்கள். அன்று விடிந்ததும் ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். வீசியதும் மொத்த ஜனமும் கூடையும் வலையுமாகத் திமுதிமுவென்று உள்ளே இறங்கும். அந்த ஒரு நாள் கண்மாய்க்குத் தெரு கிடையாது. மேலத்தெரு, நடுத்தெரு, கிழக்குத் தெரு யாரும் இறங்கலாம். மற்ற நாளில் கிழக்குத் தெருக்காரர்கள் எங்கள் மேலத்தெருப் படித்துறைக்கு வரக் கூடாது. எங்கள் கிணற்றைத் தொடக் கூடாது. எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாலும் எட்டித்தான் நிற்க வேண்டும். அந்தக் காலம் அப்படி. நான் வைத்த சட்டம் இல்லை.

உச்சிப் பொழுதுக்குள் பெரியவர்கள் மீனோடு கரையேறிவிடுவார்கள். அதற்கப்புறம் இருக்கிற சேறு பிள்ளைகளுக்கு. மாட்டுத் தொட்டியில் தவிடு கரைத்தது போல, கறுப்பாக, வழவழவென்று, இடுப்பளவுக்குச் சேறு. பயல்கள் கரைச் சரிவில் அதை அள்ளி அப்பி, தண்ணீர் தெளித்து வழுக்கலாக்குவார்கள். மேலேயிருந்து உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சொத்தென்று உள்ளே விழ வேண்டும். எழுந்திருக்கும்போது கண்ணும் பல்லும்தான் தெரியும். இன்னார் பிள்ளை என்று பெற்றவளுக்கும் தெரியாது.

நான் இறங்கியதில்லை. சட்டையைக் கழற்றி நாலு பேர் பார்க்க நிற்பது எனக்கு வராது. அதுவுமில்லாமல் சேறு நகத்துக்குள் போனால் மூன்று நாள் போகாது. கரையில் ஒரு கருவேல மரம். அதன் அடியில் உட்கார்ந்து எல்லோர் சட்டையையும் காவல் காப்பேன். சும்மா குவித்து வைக்க மாட்டேன். மடித்து, கழற்றிய வரிசையில் அடுக்கி வைப்பேன். அந்த வருஷம் பதினேழு சட்டை.

"ஏ காவக்காரா, வந்து ஒரு முக்கு முக்கிட்டுப் போடா. கரைஞ்சா போயிருவ?" என்று சோலை கத்துவான். சோலை நடுத்தெரு, என் வகுப்பு.

"அவன் மேல சேறு பட்டா சேத்துக்குத்தான்டா அழுக்கு" என்பான் ஒச்சு.

அவர்கள் பேசட்டும். எனக்கு வேலை இருந்தது. யார் எத்தனை தடவை சறுக்கினான் என்று நான்தான் எண்ணுவேன். ஆளுக்கு ஒரு வரிசை, சறுக்குக்கு ஒரு கோடு, ஐந்துக்கு ஒரு குறுக்குக் கோடு, மண்ணில் குச்சியால். பத்துச் சறுக்குக்கு ஒருதரம் ஒவ்வொருவனும் கரையைப் பார்த்துக் கத்துவான், "எனக்கு எத்தனைடா?" நான் சொன்னால் அதுதான். மறுபேச்சு இல்லை. மலையாண்டி எழுதியிருக்கிறார், 'அந்தப் பையன் விளையாடவே இல்லை' என்று. எண்ணுகிறவன் இல்லையென்றால் அது விளையாட்டா, டீச்சர்? வெறும் உருளல்.

மலையாண்டி கிழக்குத் தெரு. என் வயதுதான், பத்து. என் உயரம், என் உடம்பு. அந்த வருஷம்தான் முதல்முறையாக எங்கள் சறுக்கலுக்கு வந்தான். அவன் என்று வாயில் வந்துவிடுகிறது. நீங்கள் அவர் என்றே எழுதிக்கொள்ளுங்கள். சட்டை போடாமல் வந்தார். ஆகவே என் அடுக்கில் அவருக்குச் சட்டை கிடையாது. சட்டைக் கணக்கில் பதினேழு, சேற்றுக்குள் பதினெட்டு. இந்த இடத்தில்தான் அவருக்குச் சுமார் இருபது ஆகிவிட்டது.

சொல்லப்போனால் அன்றைக்கு அதிகம் சறுக்கியது அவர்தான். ஐம்பத்தாறு. இது அவருக்கே தெரியாது, எனக்குத் தெரியும். ஜெயித்தவன் சோலை என்று அறிவித்தேன், நாற்பத்தொன்பது. ஏனென்றால் கரையில் சட்டை கொடுத்தவன்தான் ஆட்டத்தில் சேர்த்தி. அது விதி. யார் வைத்த விதியா? நான்தான். யாராவது ஒருவர் வைக்க வேண்டும் இல்லையா?

பொழுது சாய்கிற நேரத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அம்மாக்கள் வந்து அவரவர் பிள்ளையை இழுத்துக்கொண்டு போவார்கள். என் அம்மா ஒருபோதும் வந்ததில்லை. நான்தான் போன மாதிரியே திரும்பி வந்துவிடுவேனே. அது அவளுக்கு ஒரு குறை. "ஊர்ல அவளவ பிள்ளய உரல்ல போட்டு இடிக்கிற மாதிரி துவைக்கிறா. எனக்குத் துவைக்க ஒண்ணுமே வைக்காத பிள்ள" என்று அத்தையிடம் சொல்லிச் சிரிப்பாள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. அன்றைக்குக் காலையில்கூட, "டேய், இந்த வருசமாச்சும் ஒரு தடவ உருண்டுட்டு வாடா. நான் வெந்நி போட்டு வைக்கிறேன்" என்றாள். அப்பா அப்போது கொழும்பில் ஒரு கடையில் இருந்தார். வீட்டில் அவளும் நானும். முன்கட்டில் பெரியப்பா குடும்பம்.

அன்று அவள் கண்மாய்க்கு வந்துவிட்டாள். எதற்கு வந்தாள் என்று தெரியவில்லை. கரை மேல் நடந்து வந்தாள். நான் இருந்த மரத்தைத் தாண்டித்தான் வந்தாள். சரிவில் இறங்கி, அப்போதுதான் சறுக்கி எழுந்த ஒருவனுடைய மணிக்கட்டைப் பிடித்தாள். "வாடா, என் ராசா" என்றாள். அது மலையாண்டி.

அவர் திரும்பிப் பார்த்தார். வாயெல்லாம் சேறு.  மேலத்தெரு அம்மா ஒருத்தி கையைப் பிடித்தால் பத்து வயதுப் பிள்ளை என்ன சொல்லும்? கூடவே போனார்.

நீங்கள் கேட்கிறது சரிதான். மாலைக்கண் உள்ளவள் தனியாகக் கண்மாய்க்கரை வரைக்கும் எப்படி வந்தாள்? கொஞ்சம் வெளிச்சம் இருந்திருக்கும். அப்படியானால் ஆளை எப்படித் தெரியவில்லை? வெளிச்சம் குறைந்திருக்கும். இரண்டும் நடக்கக்கூடியதுதான். சேறு பூசிய பிள்ளையை எந்தக் கண்ணுக்கும் தெரியாது என்று முன்னமே சொன்னேனே.

நான் கூப்பிட்டிருக்கலாம் என்பீர்கள். கூட்டத்தில் குரல் எழுப்புவது எனக்கு வராது. எழுந்து பின்னால் ஓடியிருக்கலாம். ஆனால் அடுக்கில் இன்னும் ஐந்து சட்டை இருந்தது. போட்டுவிட்டுப் போக முடியுமா? ஐந்தாவது சட்டை ஒச்சுவினுடையது. அவன் வந்து வாங்கிக்கொண்டு போனபோது பொழுது நன்றாக மங்கிவிட்டது.

வீட்டுக்குப் பின்வழியாகப் போனேன். கொல்லையில் எங்கள் கிணறு. பக்கத்தில் துவைகல், அதைச் சுற்றி மண் கறுப்பாக ஈரம். வெந்நீர் அண்டா காலி. அடுப்படியில் விளக்கு எரிந்தது. மலையாண்டி உட்கார்ந்திருந்தார். தலையில் எண்ணெய் தேய்த்து வழித்துச் சீவியிருந்தது. என் டவுசர். எனக்கு இருந்ததே இரண்டு டவுசர், டீச்சர். ஒன்று என் இடுப்பில், ஒன்று அவர் இடுப்பில். என் தட்டில் சோறு. சோற்றைச் சுற்றி விரால் துண்டு. தின்று ஒதுக்கிய நடுமுள்ளையும் சேர்த்து எண்ணினேன், ஒன்பது. எனக்கு எப்போதும் இரண்டு வைப்பாள், திருநாளென்றால் மூன்று. அவள் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "மெதுவாத் தின்னு. யாரும் புடுங்க வரல" என்றாள்.

அன்றைக்குத்தான் என் குரல் தெருவுக்குக் கேட்டது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

"ஆத்தா, அது நான் இல்ல! அது கிழக்குத் தெரு மலையாண்டி!"

உள்ளதைத்தானே சொன்னேன்? நான் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. எனக்கு அவர் மேல் ஒன்றுமே கிடையாது. ஆள் மாறியிருக்கிறது, சொன்னேன். அவ்வளவுதான்.

முன்கட்டில் பெரியப்பாவோடு இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் வந்துவிட்டார்கள். மலையாண்டி கையில் சோற்றோடு எழுந்து, வேலியில் இருந்த சந்து வழியாக ஓடிவிட்டார். டவுசரோடு. அது திரும்பி வரவே இல்லை என்பதையும் அவர் எழுதவில்லை, கவனித்தீர்களா?

பெரியப்பா சோற்றுப் பானையைப் பார்த்தார். கிணற்றைப் பார்த்தார். "இந்தத் தண்ணியிலயா குளிப்பாட்டுன?" என்று கேட்டார். அம்மா கையிலிருந்த முள்ளைத் தட்டோரத்தில் வைத்தாள்.

"கேக்குறேன்ல? கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு?"

அப்போது நான்தான் சொன்னேன். "ஆத்தாவுக்கு மாலைக்கண்ணு பெரியப்பா. நான்னு நெனச்சிருச்சு." அந்த வார்த்தையை நான் சொன்னதால்தான் அவள் தப்பித்தாள், டீச்சர். இல்லாவிட்டால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. தெரியாமல் செய்தது என்று ஆனதால் கிணற்றை இறைத்து ஊற்றுவதோடு விட்டார்கள். யார் தீட்டாக்கினாளோ அவள்தான் இறைக்க வேண்டும், வேறு ஆள் கை கொடுக்கக் கூடாது என்று பெரியப்பா சொல்லிவிட்டார்.

மறுநாள் விடிந்து ஆரம்பித்தாள். நான் துவைகல்லில் உட்கார்ந்து எண்ணினேன். நானூற்று முப்பத்தெட்டு வாளி. நடுவில் இரண்டு தடவை கயிறு உள்ளங்கையை அறுத்துவிட்டது. மஞ்சளைக் குழைத்துத் துணி சுற்றிக்கொண்டாள். முந்நூறுக்கு மேல் வாளி பாதி பாதியாகத்தான் வந்தது. அதை நான் பாதி என்று கழிக்கவில்லை. முழு வாளியாகவே எண்ணினேன். அவளுக்காக அவ்வளவு செய்தேன்.

மலையாண்டி வீட்டில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்களா? அவருடைய அப்பாவை ஊர் கூடும் சாவடிக்குக் கூப்பிட்டார்கள். அவர் வந்து எல்லோர் காலிலும் விழுந்தார். பிறகு அவர் கையாலேயே பிள்ளையை அடிக்கச் சொன்னார்கள். புளிய விளார். பன்னிரண்டு. என்னையும் சாட்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எத்தனை துண்டு தின்றான் என்று கேட்டார்கள், தட்டில் வைத்தது ஒன்பது, நான் பார்க்கும்போது நான்கு முடிந்திருந்தது என்று சொன்னேன். சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்டதற்குத்தானே பதில் சொன்னேன்?

அடுத்த வருஷத்திலிருந்து மீன்பிடி அன்றைக்கும் கண்மாய்க்குள் தெரு வந்துவிட்டது. கிழக்குத் தெருவுக்கு மடைக்கு அந்தப் பக்கம் என்று ஒரு கயிறு கட்டிவிட்டார்கள். அங்கே சேறு கிடையாது, சரளைதான். அதற்கடுத்த வருஷம் மலையாண்டியை அவருடைய தாய்மாமன் மதுரையில் விடுதியில் சேர்த்துவிட்டார். போனதால்தானே படித்தார், தலைமையாசிரியர் ஆனார்? அந்தச் சத்தம் நான் போடாவிட்டால் இங்கேயே மாடு மேய்த்துக்கொண்டு இருந்திருப்பார். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

எனக்கு நல்லதாக ஒன்று நடந்தது. அதற்கப்புறம் அம்மா என்னைச் சேற்றில் இறங்கச் சொல்லவே இல்லை. அடுத்த சித்திரையில் நான் கிளம்பும்போது, "நீ கரையிலயே உக்காந்துக்க" என்றாள். கடைசியில் என்னைப் புரிந்துகொண்டாள் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது. அதிகம் பேசவும் மாட்டாள். அவள் செத்து முப்பத்தோரு வருஷம் ஆகிறது. கடைசி வரைக்கும் எனக்கு முள் எடுத்துக் கொடுத்ததில்லை. நான் நன்றாக எடுத்துச் சாப்பிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என்ன? இன்னொரு பக்கம் இருக்கிறதா? அவர் எழுதியதிலா? முதலிலேயே சொல்லியிருக்கலாமே. படியுங்கள். மெதுவாகப் படியுங்கள், எனக்கு இடது காது கொஞ்சம் மந்தம்.

இன்னொரு தடவை படியுங்கள், டீச்சர். அந்த இடம் மட்டும்.

'இரண்டாவது செம்புத் தண்ணீரில் என் முகத்துச் சேறு போனது. அந்த அம்மாவின் கை நின்றது. பேரு என்ன என்று கேட்டார்கள். சொன்னேன். எந்தத் தெரு என்றார்கள். சொன்னேன். செம்பை மறுபடி அண்டாவில் முக்கினார்கள். பிறகு, சரி, கண்ண இறுக்கி மூடிக்க, சீயக்காய் எரியும் என்றார்கள்.'

அப்படியா எழுதியிருக்கிறார்?

கண் தெரியாதவர்கள் அப்படித்தான் கேட்பார்கள். குரலை வைத்து ஆளை அறிந்துகொள்வார்கள். ஆனால் கேட்டபிறகு தெரிந்துவிட்டது. ஆமாம். அது சரி.

இரண்டாவது செம்பு என்கிறார். அண்டா காலியாக இருந்ததை நான் பார்த்தேன். அந்த அண்டாவுக்கு நாற்பது செம்பு பிடிக்கும். அப்படியானால் பாக்கி முப்பத்தெட்டையும் தெரிந்தே ஊற்றியிருக்கிறாள். எண்ணெய் தெரிந்தே. டவுசர் தெரிந்தே. ஒன்பது துண்டும் தெரிந்தே வைத்தது.

கொஞ்சம் பொறுங்கள். எழுத வேண்டாம், சும்மா கேளுங்கள்.

ஒன்று நான் சொல்லவில்லை. பெரியப்பாவிடம் சொல்லவில்லை, சாவடியில் சொல்லவில்லை, என் பெண்டாட்டியிடமும் சொன்னதில்லை. கொல்லை வழியாக நான் வந்தபோது காலில் செருப்பு கிடையாது. சத்தமே போடவில்லை. இருட்டில் தொழுவத்து ஓரமாக நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நேராக என்னை. விளக்கு அவளுக்குப் பின்னால் இருந்தது. விரலை உதட்டில் வைத்தாள். அப்புறம் மலையாண்டிக்கு இந்தப் பக்கம் தரையை இரண்டு தடவை தட்டினாள், வந்து உட்கார் என்று.

அங்கே இன்னொரு தட்டு இருந்தது, டீச்சர். அவளுடைய தட்டு. சோறு போட்டு, மேலே முறத்தை வைத்து மூடியிருந்தது.

அதில் எத்தனை துண்டு இருந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். நான் முறத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. அதற்குள் கத்திவிட்டேன்.